டக்பின் பவுலிங்

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டங்களில் இது குட்டி ரகம், ஆனால் ஆடக் கடினமானது. பந்தின் விட்டம் அதிகபட்சம் 5 அங்குலம், எடை 1.7 கிலோவுக்குள். விரல் நுழைக்கத் துளை கிடையாது. உச்சிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் திருச்சிக்காரருக்கு உரித்த தேங்காயைப் பிடிப்பது போலவே இருக்கும். கட்டைகளும் குள்ளம்: வழக்கமான டென்பின் பவுலிங்கில் 15 அங்குலம், இங்கே சுமார் 9.4. தளத்தின் நீளமோ அதே 60 அடிதான். அதனால் ஒரு சுற்றுக்கு மூன்று பந்து உருட்டலாம்.

அப்படியும் 300 என்ற முழுப் புள்ளியை அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் எவரும் எட்டியதில்லை. 1992-இல் கனெக்டிகட்டின் நியூவிங்டனில் பீட் சிக்னோர் ஜூனியர் எடுத்த 279-தான் சாதனை.

பேஸ்பால் வீரர்கள் ஜான் மெக்ராவும் வில்பர்ட் ராபின்சனும் பால்டிமோரில் நடத்திய 'டயமண்ட்' கூடத்தில், 1900 வாக்கில் இது பிறந்ததாகப் பால்டிமோர்காரர்கள் பெருமை பேசுவார்கள். ஆனால் 1890-களிலேயே நியூ இங்கிலாந்துப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் அடிபட்டிருக்கிறது. இந்த ஆட்டத்துக்கான அமெரிக்கத் தேசிய அமைப்பு 1927-இல் உருவானது.

சாய்ந்த கட்டைகளை முதலில் பையன்கள்தான் எடுத்து நிறுத்தினார்கள். 1953-இல் கென் ஷெர்மன் அதற்குத் தானியங்கி இயந்திரம் செய்தார். ஆட்டம் பரவியதும் அதனால்தான், இப்போது திணறுவதும் அதனால்தான். அந்த இயந்திரம் இன்று தயாரிப்பில் இல்லை. மூடிய கூடங்களிலிருந்து கழற்றிய உதிரிபாகங்களை வைத்தே மிச்சமுள்ளவை ஓடுகின்றன. மேரிலாந்து, கனெக்டிகட், ரோட் ஐலண்டு வட்டாரத்தில்தான் பழைய கூடங்கள் அதிகம்.

தமிழ்நாட்டில் பவுலிங் என்றால் டென்பின்தான். பலமுறை தேசியப் பட்டம் வென்ற ஷபீர் தன்கோட்டும் அந்த ஆட்டக்காரரே.