ஷார்த்ர் புதிர்ப்பாதை: தியான நடையின் வயது

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத் தரையில் பதிந்துள்ள புதிர்ப்பாதை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன்மேல் மௌனமாக நடந்து தியானிக்கும் வழக்கமும் அதே பழமை உடையது என்ற எண்ணம் இன்று வேரூன்றிவிட்டது. எருசலேமுக்குப் போக இயலாத எளியவர்கள் இதில் நடந்தே யாத்திரைப் பலனைப் பெற்றார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதற்கு இடைக்கால ஆவணச் சான்று கிடையாது. 'எருசலேம் பாதை' என்ற பெயரும் பிற்கால வழக்கே. இந்தத் தியான நடை நம் காலத்தில் உருவானது. அதனால் அதற்கு இழுக்கு ஏதுமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடைக்காலப் பயன்பாட்டுக்குச் சான்று உள்ள இடம் பிரான்சின் ஓசேர் நகரம். அந்நகரப் பேராலயத்தின் புதிர்ப்பாதையில் உயிர்ப்புப் பெருவிழாவின்போது குருக்கள் ஆடினார்கள். ஆட்டத்துக்கான பந்தின் அளவை ஒழுங்குபடுத்திய 1396ஆம் ஆண்டு விதி இருக்கிறது. தலைமைக் குரு பந்தை இடக்கையில் ஏந்தி, பாஸ்காப் பாடலின் சந்தத்துக்கு அடியெடுத்து வைப்பார். மற்றவர்கள் கைகோத்துப் பாதையைச் சுற்றி வருவார்கள். பந்து அவருக்கும் அவர்களுக்கும் இடையே மாறி மாறிப் பறக்கும். பிறகு விருந்து. 1538இல் இது தடைசெய்யப்பட்டது. ஆக, நாம் உறுதியாக அறிந்த இடைக்காலப் பயன்பாட்டில் தனிமையும் இல்லை, மௌனமும் இல்லை. சாவை வென்றவரைக் கூடிக் கொண்டாடிய களிப்பே இருந்தது. கிரேக்கத் தொன்மத்தில் புதிர்ப்பாதைக்குள் புகுந்து மினோட்டார் என்ற அரக்கனைக் கொன்று மீண்ட தெசியூஸைக் கிறிஸ்துவின் முன்னடையாளமாகக் கண்ட மரபோடு இது பொருந்துகிறது. ஆய்வாளர் கிரெய்க் ரைட் 2001இல் வெளியிட்ட நூல் இத்தொடர்பை விரிவாக நிறுவுகிறது.

ஓசேர், ரைம்ஸ் பேராலயங்களின் புதிர்ப்பாதைகள் பின்னாளில் அழிக்கப்பட்டன. ஷார்த்ர் பாதை தப்பியது, ஆனால் நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. 1991இல் சான் பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தின் குரு லாரன் ஆர்ட்ரெஸ் அந்த நாற்காலிகளை நகர்த்திவிட்டு நடந்தார். ஊர் திரும்பி அதே வடிவத்தைத் துணியில் வரைந்து மக்களுக்குத் திறந்துவிட்டார். மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இன்று காணும் பாதைகளில் மிகப் பல இந்த இயக்கத்தின் கிளைகள்.

இந்த நடை மனத்தை அடக்குவதற்குக் காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. ஷார்த்ரில் ஏறத்தாழ 13 மீட்டர் குறுக்களவுக்குள் 11 வளையங்கள். பாதையின் நீளம் சுமார் 260 மீட்டர். கிளைவழி எங்கும் இல்லை. தேர்வு செய்யவும் வழி தவறவும் இடமில்லை. நுழைந்த சற்று நேரத்திலேயே நடுவிலுள்ள ஆறிதழ் மலரின் ஓரத்துக்கு வந்துவிடுகிறோம். வந்துவிட்டோம் என்று நினைக்கும்போதே பாதை வெளியே திருப்பி அனுப்புகிறது. கடைசியில், மையத்திலிருந்து மிகத் தொலைவான வெளி வளையத்தில் நடக்கும்போதுதான் உண்மையில் முடிவை நெருங்குகிறோம். எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கு பலமுறை பொய்த்துப்போக, மனம் கணக்கைக் கைவிட்டு அடுத்த அடியைக் கவனிக்கத் தொடங்குகிறது. பாதையின் அகலமோ ஓரடியைச் சற்றே தாண்டும். உள்ளே போகிறவரும் திரும்பி வருகிறவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் விலகியே ஆகவேண்டும். தனித் தியானமாகக் கருதப்படும் நடைக்குள் ஓசேரின் கூட்டுத்தன்மை இந்த இடத்தில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. இன்றைய பயிற்றுநர்கள் இதற்கு உரிய மதிப்புத் தரவில்லை என்பது என் கருத்து.

இப்பயிற்சிக்கு இரவல் பழமை வேண்டியதில்லை. புதிர்ப்பாதை நடைகளை நடத்துவோர் தம் அறிமுகத் தாள்களில் 'எருசலேம்' கதையை நீக்கிவிட்டு, 1991 என்ற ஆண்டையும் ஓசேரின் ஆட்டத்தையும் எழுதவேண்டும்.