தாமே கட்டும் இலகு வானூர்திகளில் தரையிறங்கு சக்கர அமைப்புத் தேர்வு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர் தம் பயன்பாட்டிற்காகத் தாமே கட்டிக்கொள்ளும் இலகு வானூர்திகளில், தரையிறங்கு சக்கரங்களை எவ்வாறு அமைப்பது என்பது தொடக்கக் காலம் முதல் விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். வால்சக்கர அமைப்பு, முன்சக்கர அமைப்பு, ஒற்றைச் சக்கர அமைப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் ஏற்கப்பட்டன. இத்தேர்வைப் பொறியியல் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதும், விமானிகள் எவ்வகை வானூர்தியில் பயின்றனர் என்பதே காலப்போக்கில் முதன்மைக் காரணியாயிற்று என்பதும் அமெரிக்க, ஆங்கிலேய எடுத்துக்காட்டுகளின் வழி இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தற்கட்டு வானூர்தி, வால்சக்கரம், முன்சக்கரம், ஈர்ப்பு மையம், தரைச்சுழல், விமானிப் பயிற்சி.

முன்னுரை

தற்கட்டு வானூர்தியைக் கட்டுபவரே பெரும்பாலும் அதன் முதல் விமானியாகவும் அமைகிறார். வரைபடத்தைத் தெரிவு செய்யும் நாளில் அவர் எடுக்கும் முடிவின் விளைவு, சில ஆண்டுகள் கழித்து முதல் தரையிறக்கத்தின்போதுதான் வெளிப்படும். இறக்கையின் வடிவம், எஞ்சினின் ஆற்றல் ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் கவனம் சக்கர அமைப்புக்கு அளிக்கப்படுவதில்லை. எனினும் கட்டும் உழைப்பு, எடை, பயன்படுத்தத்தக்க ஓடுதளம், விமானிக்கு வேண்டிய திறன் ஆகிய நான்கையும் ஒருங்கே பாதிப்பது இம்முடிவே.

இயக்கவியல் அடிப்படை

வால்சக்கர அமைப்பில் இரு முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திற்கு முன்னால் அமைகின்றன. வால்பகுதியைச் சிறு சக்கரம் ஒன்று தாங்குகிறது. தரையில் ஓடும் வானூர்தி சற்றே திரும்பினாலும், சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள எடை அத்திருப்பத்தை மேலும் மிகுவிக்கும். விமானி சுக்கானைக் கொண்டு உடனே திருத்தாவிடில் வானூர்தி தன்னைத்தானே சுற்றித் திரும்பும். இதுவே தரைச்சுழல் எனப்படுகிறது. முன்சக்கர அமைப்பில் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அதே திருப்பம் தானாகவே தணியும்.

தரையைத் தொடும் கணத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. கீழிறங்கும் விரைவோடு வால்சக்கர வானூர்தியின் முதன்மைச் சக்கரங்கள் தரையைத் தொட்டால் வால் தாழும், தாக்குகோணம் கூடும், ஏற்றுவிசை பெருகி வானூர்தி மீண்டும் எழும்பும். முன்சக்கர வானூர்தியிலோ மூக்கு தாழ்வதால் ஏற்றுவிசை குறைந்து வானூர்தி தரையில் நிலைகொள்ளும்.

வால்சக்கர அமைப்பின் ஆதாயங்கள் வேறு வகையின. எடை குறைவு, காற்றுத்தடை குறைவு, புரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், புல்தரையிலும் மேடுபள்ளத்திலும் முறியத்தக்க முன்கால் என ஒன்று இல்லை. சுருங்கக் கூறின், முன்சக்கரம் தரையிறக்கத்தை எளிதாக்கி எடையையும் அமைப்புச் சிக்கலையும் கூட்டுகிறது. வால்சக்கரம் கட்டுமானத்தை எளிதாக்கி, அதற்கான விலையை ஒவ்வொரு தரையிறக்கத்திலும் விமானியிடம் பெறுகிறது.

தொடக்கக் காலம்: வேறு வழி எழாத நிலை

சான்டோஸ் துமோன் 1907 முதல் உருவாக்கிய தெமுவாசெல் வானூர்தியின் வரைபடங்களை எவரும் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டார். அவ்வகையில் அது தற்கட்டு மரபின் முன்னோடியாகும். முன்னால் இரு சக்கரங்களும் பின்னால் வால்தாங்கியும் கொண்டது அது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெர்னார்டு பீட்டன்போல் 1929-இல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினைப் பொருத்திப் பறக்கச் செய்த ஏர் கேம்பரும் அதே அமைப்பை உடையது. மரமும் துணியும் கார் எஞ்சினும் கொண்டு கட்டியவருக்கு ஒவ்வொரு கிலோவும் பொருட்டாயிற்று. வானூர்தித் திடல்கள் பெரும்பாலும் புல்வெளிகளாக இருந்தன. அக்கால விமானிகள் அனைவரும் வால்தாங்கி வானூர்திகளிலேயே பயின்றனர். ஆகவே தேர்வு என்னும் வினாவே அன்று எழவில்லை.

முன்சக்கரம் அக்காலத்தில் அறியப்படாததன்று. கிளென் கர்டிஸ் 1908-இல் பறக்கவிட்ட ஜூன் பக் மூன்று சக்கரங்களில் நின்றது. இருப்பினும் அவ்வமைப்பு அன்று நிலைபெறவில்லை.

இருவழிக் கொடுக்கல் வாங்கல்

முன்சக்கர அமைப்பின் மறுவருகையில் தற்கட்டு முயற்சி ஒன்றுக்கே பங்குண்டு. அமெரிக்க அரசின் லாங்லி ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபிரெட் வைக், எளிதில் ஓட்டத்தக்க பாதுகாப்பான வானூர்தி ஒன்றைத் தம் சக பணியாளர்களுடன் ஓய்வு நேரத்தில் கட்டினார். 1934-இல் பறந்த இந்த டபிள்யூ-1 முன்சக்கரம் கொண்டது. அதன் கருத்துகளே 1937-இல் முதன்முதலாகப் பறந்த எர்கூப் என்னும் தொழிற்சாலை வானூர்தியாக வளர்ந்தன. சுக்கான் மிதிகளே இல்லாமல், கைப்பிடியால் மட்டும் ஓட்டத்தக்கதாக எர்கூப் அமைந்தது. விமானியின் திறனைச் சார்ந்திருந்த ஒன்றை வடிவமைப்பிற்கு மாற்றுவதே வைக்கின் நோக்கம் என்பதை இது காட்டுகிறது.

ஸ்டீவ் விட்மனின் பங்களிப்பு எதிர்த்திசையில் அமைந்தது. பந்தய வானூர்திகளைத் தாமே வடிவமைத்துக் கட்டிய அவர், அதிர்வைத் தாங்கும் சிக்கலான கருவிகளுக்கு மாற்றாக வளையும் எஃகுக் கால்களைப் பயன்படுத்தினார். செஸ்னா நிறுவனம் அம்முறைக்கான உரிமையைப் பெற்று, 1946 முதல் தன் 140 வகை வானூர்திகளில் கையாண்டது. மூட்டுகளும் உருளைகளும் இன்றி ஒரே எஃகுத் துண்டே காலாகவும் வில்லாகவும் செயற்படும் இம்முறை, வால்சக்கர அமைப்பைக் கட்டுவதை மேலும் எளிதாக்கியது. 1953-இல் அவருடைய டெயில்விண்டு வெளிவந்தது. தற்கட்டுவோருக்கான சோதனை வானூர்திச் சங்கமும் அதே ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது.

பிரிந்து சென்ற இரு பாதைகள்

1950-களில் தொழிற்சாலை வானூர்திகளும் தற்கட்டு வானூர்திகளும் வெவ்வேறு பாதையில் சென்றன. பைப்பர் நிறுவனம் பேசர் வகைக்கு முன்சக்கரம் பொருத்தி 1951-இல் டிரை-பேசராக விற்றது. 1956-இல் வந்த செஸ்னா 172, அதன் முன்னோடியான 170-இன் முன்சக்கர வடிவமே. வாங்குவோர் எளிதில் ஓட்டக் கற்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் வணிகத் தேவை. தற்கட்டுவோருக்கு அத்தேவை இல்லை. அவர்கள் வால்சக்கரத்தையே தொடர்ந்தனர்.

ஆனால் தொழிற்சாலையின் முடிவு தற்கட்டுவோரையும் சுற்றி வளைத்து அடைந்தது. பயிற்சிப் பள்ளிகள் முன்சக்கர வானூர்திகளுக்கு மாறியதால், அடுத்த தலைமுறை விமானிகள் வால்சக்கரத்தை அறியாமலே உரிமம் பெற்றனர். முன்னர்ப் பொதுவாக இருந்த திறன் தனித்திறனாயிற்று. 1991-க்குப் பின் வால்சக்கர வானூர்தியை ஓட்டத் தொடங்குவோர் பயிற்றுநரிடம் தனிச்சான்று பெறவேண்டும் என்ற அமெரிக்க விதி, இம்மாற்றத்தைச் சட்ட நிலையில் உறுதி செய்தது.

ஆர்வி வரிசை: பெயரில் தங்கிய வரலாறு

ரிச்சர்டு வான்கிரன்ஸ்வென் 1971-இல் பறக்கவிட்ட ஆர்வி-3, 1979-இன் ஆர்வி-4 ஆகிய இரண்டும் வால்சக்கரம் கொண்டவை. அடுத்து வந்த ஆர்வி-6-உம் முதலில் வால்சக்கரத்துடனேயே வெளிவந்தது. முன்சக்கர வடிவம் ஆர்வி-6ஏ எனப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஆர்வி-9 வரிசையிலோ முதலில் பறந்தது முன்சக்கரம் கொண்ட 9ஏ வடிவமே. நான்கு இருக்கைகள் கொண்ட ஆர்வி-10 முன்சக்கர வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஏ என்னும் பின்னொட்டு, முன்சக்கரம் ஒரு காலத்தில் மூல வடிவின் வேறுபாடாகக் கருதப்பட்டதற்கு எஞ்சியுள்ள சான்றாகும்.

இம்மாற்றம் இழப்பின்றி நிகழவில்லை. மெல்லிய முன்கால் கரடுமுரடான தரையில் மடிந்து வானூர்தி கவிழ்ந்த நிகழ்வுகள் உண்டு. முன்சக்கரக் கவையின் வடிவம் பின்னர் மாற்றப்பட்டது. இடர் நீங்கவில்லை, தரைச்சுழலிலிருந்து முன்காலுக்கு இடம் பெயர்ந்தது.

மாற்று முயற்சிகள்

பர்ட் ரூட்டன் 1975-இல் பறக்கவிட்ட வேரிஈசியில் புரொப்பெல்லர் பின்புறம் இருந்ததால் வால்சக்கரம் இயல்பாகவே விலக்கப்பட்டது. விமானி இறங்கியதும் எடை பின்னால் சாயும் என்பதால், நிறுத்திவைக்கும்போது முன்சக்கரத்தை மடித்து மூக்கைத் தரையில் ஊன்றச் செய்தார். இங்கிலாந்தில் 1992-இல் பறந்த ஐவன் ஷாவின் யூரோப்பா, மையத்தில் ஒரே முதன்மைச் சக்கரமும் இறக்கைகளின் கீழ்ச் சிறு துணைச் சக்கரங்களும் கொண்டது. ஒரே நெம்புகோல் சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் சேர்த்து இயக்கியது. காற்றுத்தடையும் எடையும் குறைந்தன. எனினும் அதற்கும் பின்னர் மூன்று சக்கர வடிவம் ஒன்று வழங்கப்பட்டது.

முடிவுரை

வால்சக்கரத்தின் இயக்கவியல் 1929-இலும் இன்றும் ஒன்றே. மாறியது விமானியின் பயிற்சி. ஒரு தலைமுறைக்கு எளிமையாகத் தோன்றிய அமைப்பு அடுத்த தலைமுறைக்குக் கடினமாயிற்று. எனவே எந்த அமைப்பு சிறந்தது என்னும் வினாவுக்குப் பொது விடை இல்லை. எந்த ஓடுதளத்தில், எத்தகைய பயிற்சி பெற்றவர் ஓட்டுவார் என்பதோடு இணைத்தே அதை மதிப்பிட இயலும். தன் திறனைச் சரியாக அளவிடாமல் முன்னோர் மரபையோ காலத்தின் வழக்கத்தையோ மட்டும் பின்பற்றும் கட்டுநர், கட்டுமானத்தில் தவிர்த்த கடினத்தை ஓடுதளத்தில் எதிர்கொள்வார். தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் கருவியின் வளர்ச்சியோடு அதைக் கையாளும் திறனின் வரலாற்றையும் இணைத்து நோக்கவேண்டும் என்பதற்கு இச்சிறு துறையும் சான்று பகர்கிறது.