வழுச் செய்திக்கும் ஒரு வரலாறு இருக்கு

2014இல் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நாங்கள் ஒரு இணையத்தளம் செய்தோம். வாசிகசாலைப் புத்தகப் பட்டியல்தான் அதில் முக்கியம். வீட்டுக் கணினியில் வடிவாக ஓடினது, வாடகைச் சேவரில் ஏற்றினதும் நின்றுபோனது. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி: 'எதிர்பாராத [' எண்டு. இரண்டு நாள் தேடியும் பிழை பிடிபடவில்லை. எங்களில் ஒருத்தர் "எனக்கு இது சரிவராது" என்று எழும்பிப் போனவர், பிறகு நிரல் பக்கமே வரவில்லை.

உண்மையில் பிழை அவரில் இல்லை. அது விளங்க, பிஎச்பி என்ற மொழியின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

கிறீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்ப் 1994இல் தன்ர சொந்தப் பக்கத்தை ஆர் பார்க்கினம் என்று அறியச் செய்த சின்னக் கருவிதான் அதன் தொடக்கம். 1995 ஜூன் 8இல் அதைப் பொதுவில் விட்டார். 1997இல் இஸ்ரேலின் டெக்னியனில் படித்த அன்டி குட்மன்ஸ், சீவ் சுரஸ்கி என்ற இருவர் அதன் அடித்தளத்தையே திருப்பி எழுதினார்கள். அது 1998இல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது.

அந்தக் காலத்தில் பல பெறுமானங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'அணி'யை எழுத, 'அரே' என்ற சொல்லைப் போட்டு வளைந்த அடைப்புக்குள் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். வெறும் [ ] போதும் என்ற வசதி 2012 மார்ச் 1இல், 5.4 பதிப்போடுதான் வந்தது. எங்கட வீட்டில் இருந்தது 5.4. சேவரில் இருந்தது 5.3. அந்தப் பழசுக்கு அந்த இடத்தில் சதுர அடைப்பு உண்மையிலேயே எதிர்பாராத ஒன்றுதான்!

இன்னொரு செய்தி இதைவிடப் பிரபலம். பழைய பதிப்புகளில், டொலர் குறி போட மறந்து ஒரு அணியின் உறுப்பை நீக்கப் போனால், 'பாமாயிம் நெகுடோதாயிம்' எதிர்பார்க்கப்பட்டது என்று வரும். கனபேர் இதை வைரஸ் எண்டே நினைத்திருப்பார்கள். அது எபிரேய மொழியில் '::' என்ற குறியின் பெயர். அந்த எபிரேயப் பெயரை நிரலுக்குள் விட்டுவைத்தது அப்படியே உலகத்தின்ர திரைகளுக்கு வந்துவிட்டது.

2020 நவம்பர் 26இல் வந்த 8.0 பதிப்பு இந்தச் செய்திகளைத் திருத்தியது. இப்போது '::' என்ற குறியையே காட்டும். அதோடு மொழி கண்டிப்பாகவும் மாறியது. அணியின் சாவியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், முந்தி அதுவே ஊகித்துச் சமாளிக்கும். இப்ப நிரலை நிறுத்திவிடும். வேறு இடத்திலிருந்து பிரதி பண்ணும்போது வந்துசேரும் வளைந்த மேற்கோள் குறிக்கும் அதே கதிதான். ஆங்கிலமல்லாத எழுத்துகளை இந்த மொழி பெயரின் பகுதியாகவே எடுக்கும். அதனால்தான் தமிழில் மாறிகளுக்குப் பெயர் வைத்தாலும் ஓடுகிறது.

ஆகவே அணியில் வழு வந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கோ. பிறகு, செய்தி சொல்லும் வரியோடு நிற்காமல் அதற்கு முந்தின வரியையும் பாருங்கோ. விடுபட்ட காற்புள்ளியும் மூடாத அடைப்பும் அங்கேதான் இருக்கும். மொழி சொல்லுவது தான் தடக்கி நின்ற இடத்தை மட்டும்தான்.

சேவரில் பழைய முறையில் எழுதினதும் பட்டியல் ஓடினது. எழும்பிப் போனவருக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்: அந்த வரி உனக்கான தீர்ப்பு இல்லையடா, இரண்டு பதிப்புகளுக்கு இடையில் நடந்த ஒரு சண்டை. அப்ப எங்களுக்கும் அது தெரியாது.