நேரான வெள்ளரிக்காக ஒரு மல்லுக்கட்டு

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் ரயில் ஓட வழிசெய்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், முதுமையில் மல்லுக்கட்டியது ஒரு கொடியோடு. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டை ஒட்டிய டாப்டன் மாளிகையில் கண்ணாடிக் குடில்கள் கட்டி அன்னாசி, திராட்சை, முலாம்பழம் எல்லாம் வளர்த்தார். பக்கத்தில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தை நடத்திய ஜோசஃப் பாக்ஸ்டனோடு அவருக்குப் போட்டி. ஆனால் வெள்ளரிக்காய் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. எப்படி வைத்துப் பார்த்தும் வளைந்தே காய்த்தது.

கடைசியில் நியூகாசிலில் கண்ணாடிக் குழாய்கள் செய்து வரவழைத்து, பிஞ்சுகளை அவற்றுக்குள் விட்டு வளர்த்தார். குழாயின் போக்கிலேயே காய் நேராக நீண்டது. பூரித்துப்போய் அதை விருந்தாளிகளிடம் காட்டினாராம். 1857இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்லும் செய்தி இது. முலாம்பழத்தைக் கம்பிவலைக் கூடையில் தாங்கவைத்து, காம்பின் மேல் பாரம் இழுக்காமல் பார்த்துக்கொண்டவரும் இதே ஸ்டீஃபன்சன்தான். செடியின் வேலையை லேசாக்கத் தெரிந்த கை அது.

வெள்ளரிக்காக இப்படிப் பாடுபட்டவர்களில் அவர் முதல்வர் அல்ல. கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்ட திபேரியஸின் உணவில் ‘குக்குமிஸ்’ என்ற காய் ஒருநாளும் தவறியதில்லை என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. சக்கரம் பூட்டிய பாத்திகளைத் தோட்டக்காரர்கள் வெயிலுக்கு உருட்டிச் செல்வார்கள். குளிர்ந்தால் ஒளி ஊடுருவும் கல்தகடு பதித்த மூடியின் கீழ் தள்ளிவைப்பார்கள். அது வெள்ளரியே அல்ல, நீண்ட முலாம்பழ வகை என்று ஜூல்ஸ் ஜானிக், ஹாரி பாரிஸ் போன்ற தாவர ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் காட்டும் சான்றுகள் வலுவானவை.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு 1746 முதல் 1845 வரை வரி இருந்தது. அதனால் குளிர்நாட்டு வெள்ளரி பணக்காரர் தோட்டத்துப் பொருளாகவே இருந்தது. புளித்துச் சூடேறும் குதிரைச் சாணத்தின் மேல் மரச்சட்டம், அதன் மேல் கண்ணாடி மூடி. காலையில் மூடியைத் தூக்கிக் காற்றுவிட வேண்டும், நுனி கிள்ள வேண்டும். கண்ணாடிக்குள் வளரும் இங்கிலாந்து ரகங்களில் ஆண் பூக்களையும் கிள்ள வேண்டும். அந்த ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்ப்பவை. சேர்ந்தால் காய் ஒருபக்கம் வீங்கி விதை பிடிக்கும், கசக்கவும் கூடும். பூவின் பின்னால் விரல்நுனி அளவில் முள்முள்ளாய்ப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. வெறும் மெல்லிய காம்பு என்றால் ஆண். நம் தோட்டத்து நாட்டு ரகத்தில் இந்த வேலையே கூடாது. ஆண் பூவும் தேனீயும் இல்லாமல் அதில் காய் ஏது?

குழாய் தேடிய ஸ்டீஃபன்சனுக்குக் கிடைத்த நேர்த்தி, பந்தலில் தொங்கும் காய்க்குப் பெரும்பாலும் தன் கனத்தாலேயே வந்துவிடுகிறது. தண்ணீர் பற்றாத கொடியில் காய் ஒருமுனை சூம்பி வளையும். ஒரே குழியில் நாலைந்து செடிகள் முட்டிமோதினால் அந்தப் பற்றாக்குறை நிச்சயம். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாளில் இரண்டை மட்டும் விட்டுக் கலைத்துவிடுவதே தமிழகத் தோட்டக்கலைப் பரிந்துரை. முளைத்ததை அழிக்கப் பலருக்கும் மனம் வராது. ஆனாலும் தயங்காமல் கலையுங்கள். பிடுங்க வேண்டாம், பக்கத்துச் செடியின் வேர் அசையும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள்.