மரண வாக்குமூலம் (இலங்கை)

மரண வாக்குமூலம் என்பது, இறந்துபோன ஒருவர் தம் மரணத்தின் காரணத்தைப் பற்றியோ அதில் முடிந்த சம்பவத்தின் சூழ்நிலையைப் பற்றியோ முன்னர் கூறியதை, கேட்டவர் நீதிமன்றில் எடுத்துரைக்கும் சான்றாகும். சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாததால் கேள்விவழிச் சான்றை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மரண வாக்குமூலம் அதற்கு விதிவிலக்கு.

வரலாறு. கண்டிப் பகுதிக்கென இருந்த தனி நீதி நிருவாகத்தை 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் கரையோர மாகாணங்களோடு இணைத்தது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. பிழைக்க வழியில்லை என்று உணர்ந்தவரின் சொல்லையே இங்கிலாந்துப் பொதுச் சட்டம் ஏற்றது. இலங்கைக் கட்டளைச் சட்டத்தின் 32(1)ஆம் பிரிவு அந்த நிபந்தனையை விதிக்கவில்லை.

முக்கிய தீர்ப்புகள். சந்திரசேகர எதிர் மன்னர் வழக்கில், கழுத்து அறுபட்ட பெண்ணால் பேச முடியவில்லை. எதிரியின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது தலையசைத்தார். கேள்வியோடு சேர்த்து அந்தத் தலையசைப்பும் வாக்குமூலமே எனக் கோமறைக் கழகம் 1936இல் தீர்மானித்தது. 1950இல் ஆசீர்வாதன் நாடார் வழக்கின் தீர்ப்போ மறுபக்கத்தையும் காத்தது: வாக்குமூலம் குறுக்கு விசாரணைக்கு உட்படாதது என்பதை ஜூரிமாருக்கு நீதிபதி எடுத்துரைக்க வேண்டும். இன்று மேல் நீதிமன்றிலும் இந்த எச்சரிக்கை அவசியமானது.

எல்லை. இறந்தவரின் மரணமே வழக்கில் ஆராயப்படும்போதுதான் 32(1) உதவும். கொள்ளை, சித்திரவதை, பாலியல் வன்முறை ஆகியவற்றில் முறைப்பாடு செய்தவர் பின்னர் வேறு காரணத்தால் இறந்தால், அவர் பொலிஸில் சொன்னது இப்பிரிவின் கீழ் ஏற்கப்படாது. முந்திய நீதி நடவடிக்கையில் அவர் அளித்த சாட்சியத்தை மட்டும், எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை வாய்ப்பு இருந்திருந்தால், 33ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

இந்த எல்லை ஏன் முக்கியம் என்பதை ஒரு வழக்குக் காட்டுகிறது. 2002இல் வத்தளைப் பொலிஸாரின் சித்திரவதைக்கு உள்ளான ஜெரால்ட் பெரேராவின் அடிப்படை உரிமை மீறப்பட்டதை 2003இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தச் சித்திரவதை தொடர்பான வழக்கில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றில் சாட்சியமளிக்குமுன், 2004 நவம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு உரிமை அளித்தது. ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்வரை முறைப்பாட்டாளரின் சான்று அவருடைய உயிரையே நம்பியிருக்கும். காலந்தாழ்த்தாமல், எதிரி முன்னிலையில், குறுக்கு விசாரணையுடன் அவருடைய சாட்சியத்தைப் பதிவதே இருதரப்புக்கும் நீதி.