துண்டு: ஒரு காகிதத்தின் விலை

பதுளையிலிருந்து நமுனுகுல மலையை நோக்கிச் செல்லும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். சில ஆண்டுகளுக்கு முன் செய்தி சேகரிக்கச் சென்ற நான், அங்கே ஒரு முதியவரின் லயக் காம்பராவில் அமர்ந்திருந்தேன். தேநீரோடு ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், பழைய அரிசிக் கூப்பன் அட்டை, அவருடைய தகப்பனார் வேலையிலிருந்து விலக்கப்பட்டபோது பெற்ற பற்றுச்சீட்டு. "காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், நெலமும் அப்படித்தானுங்க. நம்ம சொத்து இந்தப் பொட்டிதான் ஐயா" என்றார்.

காகிதம் சொத்தாகுமா? நீதிமன்றங்களை நெடுநாள் அலைக்கழித்த கேள்வி இது. ஒருவரை ஏமாற்றி அவரிடமிருந்து "சொத்தை"ப் பெறுவது மோசடி என்கிறது சட்டம். அப்படியானால் சொத்து என்பது எது?

இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு 1961இல் ஒரு வழக்கு வந்தது. பட்டதாரி என்றும் ஆசிரியர் என்றும் பொய் கூறி, எம்.ஏ. தேர்வு எழுதப் பாட்னா பல்கலைக்கழகத்தின் அனுமதிச் சீட்டைப் பெற முயன்றார் ஒருவர். அச்சீட்டுக்குச் சந்தையில் காசு மதிப்பில்லை, ஆகவே அது சொத்தல்ல என்று வாதிட்டார். தேர்வு எழுதுபவனுக்கு அதன் மதிப்பு மிகப் பெரிது, ஆகவே அது சொத்தே என்றது நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2000இல் வேறு விதமாகப் பார்த்தது. லூசியானா மாநிலம் வழங்கும் சூதாட்ட இயந்திர உரிமம், வழங்கும் அரசின் கையில் இருக்கும்வரை சொத்தல்ல என்றது. அதே நீதிமன்றம் 1987இல், ஒரு நாளேடு வெளியிடுவதற்கு முன் வைத்திருந்த இரகசியச் செய்தி அந்நாளேட்டின் சொத்து என்று தீர்த்திருந்தது. பத்திரிகைக்காரனாகிய நான் அதை வியப்போடு படித்தேன். ஆக, காகிதமா காசா என்பது முக்கியமல்ல. அது யார் கையில், யாருக்கு மதிப்புள்ளது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை ஊவா மலைகளுக்குக் கொண்டுவந்தால், "துண்டு" என்ற காகிதம் நம் கண்முன் நிற்கிறது.

1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கண்டறியப்பட்ட இலைநோய், இலங்கையின் காப்பிப் பயிரையே அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். தோட்டங்கள் ஆட்களுக்காகப் போட்டியிட்டன. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. வழிச் செலவும் முன்பணமும் ஆட்களின் பெயரில் கடனாக ஏறின.

கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். கங்காணியும் அவரது ஆட்களும் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன், குறித்த காலத்துக்குள் அத்தொகை வந்து சேர்ந்தால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதித் தருவார். அந்தக் காகிதத்தோடு கங்காணி அடுத்த தோட்டத்தின் துரையைப் பார்ப்பார். அவர் பழைய கடனை அடைப்பதோடு, ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் மேலும் முன்பணம் கொடுப்பார். அதிகமாகக் கிடைத்தது பெரும்பாலும் கங்காணியின் மடிக்குப் போகும். கடனோ கூட்டத்தின் தலையில் ஏறும். ஒவ்வொரு தோட்டமாக மாறும்போதும் கடன் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மனிதன் சொத்தல்ல என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் மனிதனின் கடன் சொத்தாயிற்று. அதைத் தாங்கிய காகிதம் கைமாறியது. காகிதம் போன வழியே மனிதனும் போனான். முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டு விலகினால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிறை.

மோசடியின் கணக்கை இங்கேதான் பார்க்க வேண்டும். 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலுக்கு வரைவிலக்கணம் கூறுகிறது. இந்தியாவில் "நானூற்றிருபது" என்று நாம் கேலியாகச் சொல்லும் குற்றத்தின் உடன்பிறப்பு அது. துண்டில் உள்ள தொகையைக் கூட்டிக் காட்டி ஒரு துரையிடம் பணம் பெற்றால், பணத்தை இழந்தவர் துரை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரிவார். எவன் பெயரில் அந்தப் பொய்க் கடன் ஏறியதோ, அவனுக்கு அந்தத் துண்டைப் படிக்கவும் தெரியாது. அவனிடமிருந்து யாரும் எதையும் "பெற்றுக்கொள்ள"வில்லையே! அவனுடைய இனிவரும் ஆண்டுகளின் உழைப்பு மட்டுமே பறிபோனது. அதைச் சொத்து என்று சட்டம் எண்ணவில்லை. என் பார்வையில், துண்டு முறையின் பெரும் மோசடி இதுவே.

1921இல் சட்டம் துண்டைத் தடை செய்தது. விலகிச் சென்றால் சிறை என்ற விதியும் நீங்கியது. ஆனால் காகிதத்தின் ஆட்சி நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மறுஆண்டு அவர்களது வாக்குரிமையும் போயிற்று. பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழிசெய்த 1949ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெயரில் காகிதம் எழுதப்பட்டதை மட்டுமே கண்டவர்கள், தங்கள் கையில் காகிதம் இல்லாததால் தோற்றார்கள். நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2014 அக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுக்குள் புதைத்தது. தலைமுறைகள் வாழ்ந்த அந்த இடம் அங்கு மாண்டவர்களுக்குச் சொந்தமல்ல. ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டங்கள் பின்னர் வந்தன. உறுதிப்பத்திரம் கைக்கு வந்து சேராதவர்கள் இன்னும் பலர்.

விடைபெறும்போது அம்முதியவர் பெட்டியை மூடி, பூட்டிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டார். பூட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொத்து எது என்பதற்கு நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகளைவிட, அந்தப் பூட்டு எனக்குத் தெளிவாக விளங்கியது.