பிரெஞ்சுப் பிள்ளைகளின் ஒயின் டம்ளர்

"பசங்க எப்படியும் ஒருநாள் வெளியில போய் குடிக்கத்தான் போறாங்க. அதுக்கு வீட்டுலயே, நம்ம கண்ணு முன்னாடியே கொஞ்சமா கொடுத்துப் பழக்கிட்டா அளவு தெரிஞ்சு வளருவாங்கல்ல?"

இந்த வாதத்தை யார் ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வரியில பிரான்ஸ் வந்துடும். அங்க சாப்பாட்டு மேசையில அப்பா அம்மாவே பிள்ளைக்கு ஒயின் ஊத்திக் கொடுப்பாங்க, அதனாலதான் அங்க யாரும் தாறுமாறா குடிக்கிறதில்லை என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரான்ஸோட வரலாறு வேற கதை சொல்லுது.

19ஆம் நூற்றாண்டில் குடிதண்ணீரை நம்ப முடியாத காலம். 1866-ல் ஒயின் பற்றிப் புத்தகம் எழுதிய லூயி பாஸ்டர், பானங்களிலேயே ஆரோக்கியமானது, சுத்தமானது ஒயின்தான் என்கிற மாதிரி எழுதிட்டார். வியாபாரிகள் விடுவாங்களா? பல பத்தாண்டுகளுக்கு அதையே விளம்பரமா ஓட்டினாங்க. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'கெட்ட குடி' என்றால் அப்சிந்த் மாதிரியான காட்டமான சரக்குதான். அதை 1915-ல் தடை பண்ணினாங்க. அதே போர்க்காலத்தில் ராணுவ வீரர்களுக்கு தினசரி ரேஷனில் ஒயின் போச்சு! ஏன்னா ஒயின், பீர், ஆப்பிள் சைடர் எல்லாம் குடி இல்லை, 'சாப்பாடு'. 1931-ல் ஒயினைப் பிரபலப்படுத்த அரசு ஆதரவோட ஒரு தேசியக் குழுவே அமைச்சாங்க.

சாப்பாடுன்னு ஆனப்புறம் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? தண்ணி கலந்த ஒயினோ சைடரோ பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டோட சேர்ந்து போச்சு. கொடுத்து அனுப்பினது அக்கறையுள்ள அம்மாக்கள்தான்.

சரி, அப்படிப் பழகின பிள்ளைங்க அளவா குடிச்சாங்களா? 1961 கணக்குப்படி 15 வயசுக்கு மேற்பட்ட ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு சராசரியா சுமார் 26 லிட்டர் சுத்த ஆல்கஹால். இதை 12 சதவீத ஒயினா மாத்திப் பாருங்க. சுமார் 216 லிட்டர் வருது, அதாவது தினமும் அரை லிட்டருக்கும் மேல. குடிக்காதவங்களையும் சேர்த்த சராசரி இது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், இவங்க பெரும்பாலும் ரோட்டுல விழுந்து கிடந்தவங்க இல்லை. வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, சாப்பாட்டோட சாப்பாடா குடிச்சவங்க. வீட்டுப் பழக்கம் அவங்களுக்குத் தள்ளாடாம இருக்கக் கத்துக்கொடுத்தது. குறைவா குடிக்கக் கத்துக்கொடுக்கலை. நாம தள்ளாடினோமா இல்லையான்னு கல்லீரல் பார்க்கிறதில்லையே, மொத்தம் எவ்வளவு வந்துச்சுன்னுதான் பார்க்குது.

இதுக்கு ஒரு சாட்சியும் இருக்கு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பாரிஸில் ஒயினுக்கு ரேஷன் வந்தது. கல்லீரல் சுருக்க நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை சட்டுனு பல மடங்கு குறைஞ்சது. ரேஷன் போனதும் மறுபடி ஏறிச்சு. சல்லி லெடர்மன் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1956-ல் வெளியிட்ட தன் நூலில் மொத்தக் குடிக்கும் இந்த மாதிரிச் சாவுகளுக்கும் உள்ள தொடர்பை விரிவா ஆராய்ஞ்சார்.

அரசியலில் இதைத் தைரியமா கையில எடுத்தவர் பியர் மெந்தெஸ் பிரான்ஸ் (ஆமா, பேரே பிரான்ஸ்!). 1954 ஜூன் முதல் 1955 பிப்ரவரி வரைதான் பிரதமர். அதுக்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செஞ்சார், வீட்டுலயே சாராயம் காய்ச்சும் பழைய சலுகையிலும் கை வச்சார். பொது இடத்தில் தானே பால் குடிச்சுக் காட்டினார். விளைவு? பூஜாத் கோஷ்டி அவரைப் பால் குடிக்கிறவர்னு கிண்டல் பண்ணுச்சு, யூதர்னு வசை பாடுச்சு. பிள்ளைங்க டம்ளரில் கை வைக்கிறது அவ்வளவு பெரிய தேசத் துரோகமா தெரிஞ்சிருக்கு.

பள்ளி உணவகங்களில் 14 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு மதுவைத் தடை செஞ்ச சுற்றறிக்கை 1956 ஆகஸ்டில் வந்தது. பல பேர் இதையும் மெந்தெஸ் கணக்கில எழுதுவாங்க. ஆனா அப்போ அவர் அரசாங்கத்திலேயே இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தடை வர 1981 ஆச்சு. 1991-ல் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு. விற்பனைக்கான வயசு 18 ஆனது 2009-ல்தான்.

2010களில் அந்த 26 லிட்டர் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. சட்டம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர், நகர வாழ்க்கை, மாறின சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா இறங்கின காலம், பிள்ளைங்க மேசையிலிருந்து ஒயின் விலகின காலம். அதிகமா ஊத்திக் கொடுத்த காலம் இல்லை.

வீட்டுக்குள்ள என்ன நடக்கணும்னு அங்க இன்னிக்கும் முடிவு செய்றது பெத்தவங்கதான். அவங்களுக்கு உதவக்கூடிய ஒரு ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1927 பிள்ளைகளையும் அவங்க பெற்றோரையும் ஆறு வருஷம் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டாங்க. பெத்தவங்க கையால மது கிடைச்ச பிள்ளைங்களுக்குப் பாதிப்பு குறையலை. மிதமிஞ்சிக் குடிக்கிறது, குடியால் வரும் பிரச்சினைகள் ரெண்டுமே அதிகமா இருந்தது. இது தொடர்புதான், காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 'கொடுத்தா பாதுகாப்பு' என்பதற்கு அங்க ஆதாரம் கிடைக்கலை.

அதனால வீட்டுல ஊத்திக் கொடுக்கிறதா வேண்டாமான்னு வாதம் பண்ணுங்க, தப்பில்லை. பிரான்ஸை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. அது எதிர்த்தரப்பு சாட்சி :)